டிசம்பர் ஊர்

டாவோஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டு சூட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பனியில் வழுக்காமல் நடக்கப் பாடுபடும் நம்மூர் மந்திரிகள், தொழிலதிபர்கள். ஜனவரி பிறந்தால் உலகப் பொருளாதார மாநாடு. பி.காம். படித்துவிட்டு பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் வந்து விழுந்தவன் என்பதால் எனக்கும் டாவோஸ் என்றால் அதுதான். 2006-ல் 'இந்தியா எவ்ரிவேர்' என்று ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பஷ்மினா சால்வை கொடுத்து நாம் அமர்க்களம் பண்ணினோமே, அந்த டாவோஸ்.

அந்த ஊருக்கு இன்னொரு மாதமும் உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தது டொரன்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகன். ஒரு டிசம்பர் 26-ந் தேதி இங்கே சாயங்காலம், அங்கே காலை, வழக்கம்போல போன் போட்டேன். "அப்புறம் கூப்பிடறேன்டா, ஸ்பெங்ளர் கப் ஓடிட்டிருக்கு" என்றான். மயிலாப்பூரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தவிர எதையும் ஆடாத ஆசாமி. "நீ எப்படா ஐஸ் ஹாக்கி பாக்க ஆரம்பிச்சே?" என்றேன். "பொண்ணு கோல்கீப்பர்டா. வீட்ல வேற சேனலே கிடையாது" என்று வைத்துவிட்டான்.

கனடாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பலர் வீட்டில் இப்படித்தானாம். டி.வி.யைப் போட்டால் ஆல்ப்ஸ் மலை, டாவோஸ், மஞ்சள் வெளிச்சத்தில் மரக்கூரை போட்ட ஒரு மைதானம். பார்த்தால் மாதா கோயிலுக்குள் ஐஸ் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். டிசம்பர் 26-ல் ஆரம்பித்து 31-ந் தேதி நண்பகல் இறுதி ஆட்டம். புத்தாண்டு பிறப்பதற்குள் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும்.

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு பாரா. ஒரு பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். பந்து கிடையாது, 'பக்' என்று கெட்டி ரப்பரில் ஒரு வில்லை. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு நிமிடத்துக்குமேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் வேலி தாண்டி உள்ளே குதிப்பதும் வெளியே ஏறுவதுமாக இருப்பார்கள். தோளால் இடித்துத் தள்ளலாம், தப்பில்லை. முதல் அரை மணி நேரம் எனக்குப் பக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்புறம் கண் பழகிவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆட்டத்தைப் பற்றி இல்லை. இந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு ஆட்டக்காரர் அல்ல; ஒரு டி.பி. டாக்டர். பெயர் கார்ல் ஸ்பெங்ளர். டி.பி. டாக்டருக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று தோண்டப்போய்த்தான் இந்த வாரப் பக்கம் இப்படி நீண்டது.

கதை அவருடைய அப்பாவிடம் ஆரம்பிக்கிறது. அலெக்சாண்டர் ஸ்பெங்ளர், ஜெர்மனியின் மன்ஹைம்காரர். சட்டம் படித்துக்கொண்டிருந்த பையன், 1849-ல் பாடன் புரட்சியில் சேர்ந்து, அது தோற்றதும் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு ஓடி வந்தார். சட்டத்தை விட்டுவிட்டு மருத்துவம் படித்தார். அகதிக்கு நல்ல ஊரில் வேலை கிடைக்குமா? 1853-ல் யாரும் போக விரும்பாத மலைக் கிராமம் ஒன்றுக்கு டாக்டராகப் போட்டார்கள். அதுதான் டாவோஸ். உயரம் சுமார் 1,560 மீட்டர். நம் ஊட்டியைவிடத் தணிவுதான், குளிர்தான் பத்து மடங்கு.

போனவர் ஒன்றைக் கவனித்தார். ஐரோப்பா முழுக்கக் காசநோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது இல்லை. காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டினார். 1865 பிப்ரவரியில், எல்லோரும் குளிருக்குப் பயந்து கீழே இறங்கும் நேரத்தில், இரண்டு ஜெர்மன் நோயாளிகள் சறுக்குவண்டியில் மேலே ஏறி வந்தார்கள். குளிர்காலத்தில் வைத்தியத்துக்கு வந்த முதல் விருந்தாளிகள். 1868-ல் ஹோல்ஸ்போயர் என்ற டச்சுக்காரர் டாக்டரோடு கூட்டுச் சேர்ந்தார். விடுதி வந்தது, ரயில் வந்தது, ஐரோப்பாவே இருமிக்கொண்டு வந்தது.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? கச்சாப் பொருள் செலவே இல்லாத வியாபாரம். காற்றை விற்றார்கள். பால்கனியில் நாற்காலி போட்டு, இரண்டு கம்பளியால் சுருட்டி, மணிக்கணக்காகப் படுக்க வைத்து பில் போட்டார்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இங்கே இருமிக்கொண்டே 'புதையல் தீவு' கதையை முடித்தார். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் நோயாளி மனைவியோடு வந்து, பொழுது போகாமல் 1894-ல் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு மலை தாண்டி அரோசா வரைக்கும் போனார். 1912-ல் மனைவியைப் பார்க்க வந்த தாமஸ் மன், பன்னிரண்டு வருடம் கழித்து 'மந்திர மலை' என்று தடிமனாக ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் சானடோரியத்தில் குளிர்காலத்தில் பிணங்களைச் சறுக்குவண்டியில் வைத்துக் கீழே இறக்குவார்கள்.

மகன் கார்ல் ஸ்பெங்ளரும் டாக்டரானார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடமே வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு மருந்தும் தயாரித்தார். அது நிலைக்கவில்லை. நிலைத்தது வேறு.

1923-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து ஐந்து வருடம். ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். (தப்பாக அச்சாகவில்லை, சரியாகத்தான் படித்தீர்கள்.) ஜெர்மனிக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை, 1920-லும் இல்லை, 1924-லும் இல்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சங்கத்திலிருந்தும் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் வெளியே தள்ளியிருந்தார்கள். டாவோஸிலோ, அந்த எல்லா நாட்டுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து பால்கனியில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்கள். நுரையீரலுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கிருமி கேட்டா வருகிறது? அந்த ஊரில் வளர்ந்த அறுபத்துச் சொச்சம் வயது டாக்டர் ஒரு கோப்பையை வாங்கி மேசையில் வைத்தார். நாடுகள் வேண்டாம், கிளப்புகள் வரட்டும். வெளியே தள்ளப்பட்டவர்களும் வரட்டும். வந்து ஆடுங்கள் என்றார்.

முதல் கோப்பையை யார் ஜெயித்தார்கள் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம்! ஜெர்மன்காரர்களை மறுபடி பந்தியில் உட்கார வைக்கத்தான் விருந்து. பாயசத்தை இங்கிலாந்திலிருந்து வந்த மாணவர்கள் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மாணவர்களையும் முழு இங்கிலீஷ்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஹாக்கியின் பலமே ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் வந்து சேரும் கனடாக்காரர்கள்தான். அடுத்த வருடமே, 1924-ல், பெர்லின் கிளப் ஜெயித்தது. சர்வதேசச் சங்கம் ஜெர்மனிக்குக் கதவைத் திறந்தது 1926-ல். டாக்டர் வீட்டுக் கதவு முன்னாலேயே திறந்துவிட்டது.

டாவோஸ் சொந்த ஊர்க் கிளப் ஜெயிக்க 1927 வரைக்கும் ஆனது. முப்பதுகளில் அதில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் ஆடினார்கள்: பீபி டோரியானி, கட்டினி சகோதரர்கள் இருவர். மூன்று பெயரும் 'னி'யில் முடிவதால் 'னி' படை என்றே பெயர். பிற்பாடு பங்கேற்கும் அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தபோது, 'ஏ', 'பி' என்று வைக்காமல் 'டோரியானி', 'கட்டினி' என்று வைத்தார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

நல்லெண்ணக் கோப்பை என்பதால் உலகம் வாசலிலேயே நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் நாஜிக் கட்சியின் தலைவனாக இருந்த வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப், நுரையீரல் வைத்தியத்துக்கு டாவோஸ் வந்து அங்கேயே தங்கியவன். 1936 பிப்ரவரியில் டேவிட் ஃபிராங்ஃபர்ட்டர் என்ற யூத மருத்துவ மாணவன் அவன் வீட்டுக்கே போய்ச் சுட்டுக் கொன்றான். 1937-ல் டாக்டர் காலமானார். 1939, 1940 இரண்டு வருடமும் கோப்பை நடக்கவில்லை.

இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

பிராக் நகரத்தில் எல்.டி.சி. என்று ஒரு கிளப். விரித்தால் லான் டென்னிஸ் கிளப். டென்னிஸுக்காக ஆரம்பித்து, ஐஸ் ஹாக்கியில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த கிளப். ஸ்பெங்ளர் கோப்பையை ஏழு முறை ஜெயித்தது. போர் முடிந்த பிறகு 1946, 47, 48 என்று வரிசையாக மூன்று. செக்கோஸ்லோவாகிய தேசிய அணியே கிட்டத்தட்ட இவர்கள்தான். 1947-ல் உலகச் சாம்பியன். 1948 பிப்ரவரியில் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி, அதுவும் கோல் வித்தியாசத்தில் நழுவிய தங்கம். அதே பிப்ரவரி முடிவதற்குள் பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். நவம்பரில் தேசிய அணி வீரர்கள் ஆறு பேர் பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போன விமானம் கடலுக்குமேல் காணாமல் போனது. உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம், 1948 டிசம்பர், எல்.டி.சி. டாவோஸுக்கு வந்தது. ஜெயித்தது. கோப்பையை வைத்துக்கொண்டு ஓட்டலில் உட்கார்ந்து அவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றி அல்ல. திரும்பிப் போவதா, வேண்டாமா?

கொஞ்சம் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். எல்லாம் இருபது முப்பது வயதுப் பையன்கள். வெளியே பனி, கையில் கோப்பை, எந்த நாட்டுக் கிளப்பும் சிவப்புக் கம்பளம் விரிக்கும். ஊரில் அம்மா, அப்பா, மனைவி, குழந்தை. ஒரே அணியாக வெளியிலேயே தங்கிவிடலாமா என்று விவாதித்திருக்கிறார்கள். தங்கிவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள், முடியாது என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் பெரும்பாலோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிராகுக்கே ரயிலேறினார்கள்.

1949-ல் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார்கள். 1950 மார்ச்சில் பட்டத்தைத் தக்கவைக்க லண்டனுக்குப் புறப்பட இருந்த நேரத்தில் பயணத்தை நிறுத்தினார்கள். வீரர்கள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, குடித்து, கோபத்தில் அரசாங்கத்தைத் திட்டினார்கள். போலீஸ் வந்தது. அக்டோபரில் மூடிய கதவுக்குள் விசாரணை. தேசத்துரோகம், உளவு. டாவோஸில் பேசிய பேச்சு அங்கே குற்றமாக எழுந்து நின்றது. பேசினார்களே தவிர, போகவில்லை, திரும்பி வந்தவர்கள். அது எடுபடவில்லை. தண்டனை பெற்றவர்கள் 12 பேர். கோல்கீப்பர் போஹுமில் மோட்ரிக்கு 15 வருடம். குஸ்தவ் புப்னிக்குக்கு 14 வருடம். யுரேனியம் சுரங்கத்தில் வேலை. சில வருடங்களில் விடுதலை வந்தது, ஆனால் மோட்ரி 1963-ல், 46 வயதில் போய்ச் சேர்ந்தார்.

எல்.டி.சி. கிளப்பும் அதோடு முடிந்தது. ஜெயித்தவர்கள் பட்டியலில் 1948-க்கு நேரே பெயர் மட்டும் இருக்கிறது. 1949-ல் போட்டியே நடக்கவில்லை. நான் யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை. ஆனால் 'ஸ்போர்ட்ஸ் வேறு, அரசியல் வேறு' என்று நம் டீக்கடை பெஞ்சில் யாராவது ஆரம்பித்தால், எனக்கு அந்த ஓட்டல் அறைதான் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். காற்று விற்ற ஊர் என்ன ஆயிற்று? 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மாத்திரை போட்டால் நோய் போகிறது. இருந்தாலும் சானடோரியம் முதலாளிகளுக்கு ஒரு நம்பிக்கை: மாத்திரையோடு ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று எல்லாம் வேண்டாமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்! 1956-ல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடு, படுக்கையில். மறு பாதி அவரவர் நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைவெட்டிக்கும் போய்க்கொண்டு. மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு அதனால் அதிகமாகத் தொற்றவும் இல்லை. காசநோய்க்கு மலை ஏற வேண்டாம் என்று உலகத்துக்கே ருசுப்படுத்திய ஆராய்ச்சி அது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு ஊரின் ஒரே சரக்கு விலை போகாமல் போனால் என்ன செய்வது? டாவோஸ்காரர்கள் பால்கனியை வைத்துக்கொண்டு, நோயாளியை மாற்றினார்கள். சானடோரியங்கள் பனிச்சறுக்கு ஓட்டல்களாயின. அதே படுக்கை, அதே வெயில், ஆள் மட்டும் ஆரோக்கியமானவர். 1971-ல் கிளாஸ் ஷ்வாப் என்ற பேராசிரியர் கம்பெனி நிர்வாகிகளைக் கூட்டிவந்து மாநாடு போட்டார். அது ஜனவரிக்குச் சோறு போட்டது. டிசம்பர் கடைசி வாரத்துக்கு டாக்டரின் கோப்பை. 1979 வரைக்கும் திறந்தவெளி ஐஸில், கொட்டும் பனியில் ஆடினார்கள்; அப்புறம்தான் அந்த மரக்கூரை. டாவோஸ் கிளப் தன் பட்ஜெட்டுக்கு இந்த ஆறு நாள் வசூலைத்தான் பெரிதாக நம்பியிருக்கிறது. சுமார் பதினோராயிரம் ஜனத்தொகை உள்ள ஊர், பெரிய நகரத்துக் கிளப்புகளோடு வேறு எப்படி மல்லுக்கட்டும்?

2020-ல் கொரோனாவால் கோப்பை ரத்து. 2021-ல் எல்லா ஏற்பாடும் முடிந்து, ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், டாவோஸ் அணிக்குள்ளேயே தொற்று வந்து மறுபடி ரத்து. நுரையீரல் நோயால் வாழ்ந்த ஊரின் கோப்பையை நுரையீரல் நோயே இரண்டு தடவை நிறுத்தியது.

விதிகளும் கொஞ்சம் கல்யாண வீட்டு விதிகள்தான். கிளப்புகளுக்கான போட்டி, ஆனால் 1984 முதல் 'டீம் கனடா' என்று ஒன்று வந்து ஆடுகிறது. பெரும்பாலும் ஐரோப்பாவில் பிழைப்புக்காக ஆடும் கனடாக்காரர்களைத் திரட்டிய கதம்பம். வந்த முதல் வருடமே ஜெயித்தது, 2019-க்குள் 16 கோப்பை. மற்ற கிளப்பிலிருந்து ஆட்டக்காரர்களை இந்த ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளவும் அனுமதி உண்டு. பக்கத்து வீட்டு அண்டாவை வாங்கிச் சமைப்பதுபோல! 2004-ல் அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் முதலாளி-தொழிலாளி தகராறு, கதவடைப்பு. கோடிகளில் புரண்ட ஜோ தார்ன்டனும் ரிக் நாஷும் டாவோஸுக்கு வந்து ஆடினார்கள்; அந்த வருடக் கோப்பை டாவோஸுக்கு. தார்ன்டனுக்கு டாவோஸ் பெண்ணே மனைவியானார். 2019-ல் சுவிஸ் குடியுரிமையும் வாங்கிவிட்டார். நூறாவது வருடமான 2023-ல் டாவோஸ் ஜெயித்து, தன் 16-வது கோப்பையோடு கனடாவைப் பிடித்தது. அடுத்த வருடம் இன்னொரு சுவிஸ் கிளப்பான ஃபிரிபூர் கொத்தெரோன் ஜெயித்தது.

ஒரு விஷயம் பாக்கி. ஸ்பார்டக் மாஸ்கோ இந்தக் கோப்பையை ஐந்து முறை ஜெயித்த கிளப். சோவியத் காலத்திலும் அதற்குப் பிறகும் ரஷ்யர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நான்கே நாளில் சர்வதேசச் சங்கம் ரஷ்யாவுக்கும் பெலாரஸுக்கும் தடை போட்டது. கோப்பை திரும்ப நடந்த 2022, 2023, 2024 மூன்றிலும் ரஷ்யக் கிளப் இல்லை. "வெளியே தள்ளப்பட்டவனைக் கூப்பிடத்தானே அந்த டாக்டர் கோப்பையே வைத்தார்?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் கூப்பிட்டது துப்பாக்கியைக் கீழே வைத்து ஐந்து வருடம் ஆனவர்களை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்புக்குப் பத்திரிகை அனுப்பினால் அது வேறு காரியம். ஆனால் நண்பர் விடவில்லை: "சரி சார், முடிஞ்ச அன்னிக்கு? ஐந்து வருஷம் காத்திருக்கணுமா, ஒரு வருஷம் போதுமா? யார் எண்ணுவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.